மாமா ஏறாத படிக்கட்டு

எங்கள் குடும்பத்தில் ஸ்பெயின் போய் வந்தவர் மாமா மட்டும்தான். சடையங்குப்பத்தில் எங்கள் தெருவிலும் வேறு யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அம்மாவின் ஒரே தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை. வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார். லீவில் வந்தால் எங்கள் வீடுதான்; எனக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துப் படுப்பார்.

எத்தனையோ துறைமுகம் பார்த்தவர். ஆனால் துபாய் எப்படி இருக்கும் என்று கேட்டால் சூடு என்பார். சிங்கப்பூர் என்றால் அதுவும் சூடு என்பார். ஸ்பெயின் என்றால் மட்டும் கைலியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார். தென்கரையில் கடலை ஒட்டி மலை. மலைச்சரிவில் ஓர் ஊர். கப்பலில் இருந்து பார்த்தால் அந்த ஊர் மொத்தமும் உள்ளங்கையில் அடங்கிவிடும். எல்லா வீடும் வெள்ளை. ஆசைக்குக்கூட ஒருத்தர் ரோஸ் அடித்திருக்க மாட்டார். மேலே செம்மண் நிறத்தில் ஓடு. தெரு என்று தனியாக ஒன்று கிடையாது, படிக்கட்டுதான் தெரு. சுவர் நெடுக நீலத் தொட்டியில் சிவப்புப் பூ. உச்சியில் சர்ச். சர்ச் வாசலில் சுமையோடு ஒரு கழுதை, அதன் தலையில் வைக்கோல் தொப்பி. மாமா அந்தப் படிகளில் ஏறி, பாதியில் மூச்சு வாங்கி நின்று, ஒரு கிழவர் கொடுத்த ஆலிவ் காயைக் கடித்துத் துப்பிவிட்டு வந்தார். உப்பில் ஊறின வேப்பங்கொட்டை மாதிரி இருந்ததாம்.

அதுவரை நான் மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த உயரமெல்லாம் எண்ணூர்ப் பக்கம் குவித்து வைத்திருந்த நிலக்கரி மேடுதான். அதனால் என்னுடைய ஸ்பெயினில் அந்த வெள்ளை வீடுகள் கரிமேட்டின் மேல் அமர்ந்திருந்தன. அது எனக்கு ஒன்றும் உறுத்தலாக இல்லை. அம்மாவுக்கு வீடு, பூ, சர்ச் எதிலும் அக்கறை கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் கேட்பாள். கீழே கடலுக்குப் போய்விடும் என்று மாமா சொல்வார். கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். கார்த்திகை மாத வெள்ளத்துக்குக் கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கிற வீட்டில் வேறு என்ன கேட்கத் தோன்றும்?

நான் அந்தக் கதையைப் பாடம் மாதிரி மனனம் செய்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உருப்படியாக உட்கார்ந்த முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பு. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துவது படித்தவன் கடமை என்று நினைத்திருந்த காலம். மாமா கழுதையை விட்டுவிட்டுச் சொன்னால் உடனே நினைவூட்டுவேன். அவரும் திரும்பிப் போய்க் கழுதையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மேலே போவார்.

அந்த லீவில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். முன்பே பார்த்த இடங்கள் எதுவும் கூடிவரவில்லை. மழைக்காலத்தில் பெண்ணைப் படகில் வந்து பார்க்க வேண்டுமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். கப்பல்காரனுக்குக் கொடுத்தால் பெண் நம் வீட்டில்தான் இருக்கும், மாப்பிள்ளை போட்டோவில் இருப்பான் என்று இன்னொரு வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். ராயபுரத்தில் இருந்து வந்த இந்தப் பெண்ணின் போட்டோவை மாமா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த இடமும் கைவிட்டுப் போனால் இனிமேல் தனக்காக யாரும் தேட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். சும்மா சொல்வது மாதிரி இல்லை. அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

பெண்ணின் அப்பா துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டினவர். கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கும் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற சின்னப் படகு அது. கப்பல் வேலை என்று சொல்லி ஏமாற்றின மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்தவர், கேள்வி கேட்பார் என்று தரகர் எச்சரித்திருந்தார். பஸ்ஸில் போகும்போதே அம்மா மாமாவுக்குப் பாடம் சொல்லிவிட்டாள். சடையங்குப்பத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. சம்பளத்தைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஸ்பெயின். ட்ரெய்லர் லாரி ஓட்டுகிற அப்பா தூத்துக்குடி போயிருந்ததால் ஆண் துணையாக நான் போனேன்.

மாடி வீடு. மிக்சரும் கலரும் வைத்தார்கள். பெண் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள் அறை வாசலில் நின்றுகொண்டாள். தரகர் எடுத்துக்கொடுக்க, மாமா ஸ்பெயினை ஆரம்பித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அம்மா கழுதை இடத்தில் சிரித்தாள். அப்பாக்காரர்தான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், தொழில் பழக்கம் போல ஒன்று கேட்டார்.

“கப்பலு கரையோரம் ஜெட்டில கட்டியிருந்திச்சா தம்பி, வெளிய நங்கூரம் போட்டு நின்னுகினு இருந்திச்சா?”

“ஜெட்டிலதாங்க. எறங்கி நடந்தே பூட்டோம்.”

இது தப்பு. எனக்கு நன்றாகத் தெரியும்.

“நங்கூரம்தான மாமா. ஊரு உள்ளங்கையில அடங்கிடும்னு சொன்னியே. ஜெட்டில இருந்தா எப்டி அடங்கும்?”

அம்மாவின் விரல்கள் என் தொடையைத் தேடி வந்து திருகின. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். நங்கூரம் என்றால் லாஞ்ச் வந்திருக்க வேண்டுமே, யார் அனுப்பினது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தரகர் மிக்சர் தட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். மாமா கலர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“லாஞ்சு வர்லீங்க. எங்காளுங்க யாரையும் எறங்க வுடல. நான் அந்த ஊருக்குப் போவல.”

பிறகு அவரே சொன்னார், யாரும் கேட்காமலே. சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் கப்பல் வெளியே காத்துக் கிடந்திருக்கிறது. இவருக்குப் பின்பக்கத் தளத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிற வேலை. எதிரே மலை. கூட இருந்த ஒருவர் பைனாகுலர் கொடுத்தார். சீவின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதையே பார்த்திருக்கிறார். ஆலிவ் காய் கப்பல் சமையல்கட்டில் டப்பாவில் வருவதாம். கழுதையுமா பொய் என்று பெண்ணின் அம்மா கேட்டாள், ஏதோ தெரிந்தவர்களைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

“கழுத நெஜம். தொப்பிதான் ரீலு.”

பொய் எதற்கு என்று அப்பாக்காரர் கேட்டார். குரலில் கோபம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

“பாத்தேன்னு சொன்னா ஒருத்தரும் ஒக்காந்து கேக்கறதில்லீங்க. போனேன்னு சொன்னாத்தான் கேக்கறாங்க.”

அதோடு எழுந்து வந்திருக்கலாம். அம்மா புடவையைச் சரி செய்துகொண்டு அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் மாமா நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை சொல்லாத ஒன்றை அங்கே சொன்னார். அந்த ஊரில் கடைசி வரிசையில் ஒரு வீடு, மேலே மொட்டைமாடி. தினம் காலையில் ஒரு பெண் வந்து துணி காயப்போடுவாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கலர் கலராகத் துணி. அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. கதையில் இல்லாத ஆளை இப்போது எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறார்?

அப்போதுதான் உள் அறை வாசலில் இருந்து அந்தப் பெண் பேசினாள். வணக்கத்துக்குப் பிறகு அவள் பேசியது அதுதான் முதல்.

“நீங்க பாத்துகினு கீறது அவங்களுக்குத் தெரியுமா?”

மாமா யோசித்தார். கதை சொல்லும்போது அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை.

“தெரியாது. அவ்ளோ தூரத்துக்கு எப்டித் தெரியும்? ஆனா துணி போட்டு முடிச்சப்பறமும் ஒடனே எறங்க மாட்டாங்க. கப்பலுங்க நிக்கற பக்கமே பாத்துகினு கொஞ்ச நேரம் நிப்பாங்க.”

அவள் சரி என்பது போலத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். இது என்ன கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சார் உட்காரச் சொல்லியிருப்பார்.

தரகரிடம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். வரும் வழியில் தண்டையார்பேட்டை தாண்டும் வரை அம்மா என்னோடு பேசவில்லை. தாண்டினதும் பேசினாள், அதை எழுத வேண்டியதில்லை. மாமா என் பக்கம் பேசினார். பையன் சரியாகத்தானே சொன்னான் என்றார். போட்டோவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார், தரகரிடம் சேர்த்துவிடச் சொல்லி.

அதற்கு வேலை வரவில்லை. அந்த வாரம் போவதற்குள் தரகரே வந்து சம்மதம் என்றார். பெண்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னதாம். உண்மையைச் சொன்னதால் நன்மை விளைந்தது என்று நான் முடிவுகட்டினேன். நன்னெறிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, அந்த உண்மையைச் சொன்னவன் நான். ரொம்ப நாள் வரை அந்தக் கல்யாணத்தையே நான் முடித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். மாமா கப்பலுக்குப் போய்விட்டார். அத்தை தனியாக இருக்கிறாள் என்று அரைப்பரீட்சை லீவுக்கு என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். காலையில் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவாள். கிளிப்பெல்லாம் போட்டு முடித்த பிறகும், கப்பல்கள் நிற்கிற பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பாள். துணி தானாகக் காயும், இதற்கு ஆள் எதற்கு என்று கேட்டேன். காக்கா வந்து அழுக்குப் பண்ணிவிடும் என்றாள்.

நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் காலையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நானும் மாடிக்குப் போனேன். காக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கீழே போ அத்தை என்றேன்.