பனிக்கு அடியில் கருத்த நாற்றுகள்

இலைநோய் பார்க்கிற உத்தியோகத்தில் நல்ல சேதி சொல்ல நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. வேளாண் ஆபீசிலும் பூச்சிமருந்துக் கடையிலும் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முதல் வேலை இமயமலையில், ஒரு தேவதாரு நாற்றங்காலில். மயிலாடுதுறைக்காரிக்குப் பனியும் புதுசு, அந்த மரமும் புதுசு.

கறுப்புப் போர்வை

சித்திரையில் பனி உருகியதும் நாற்றுகளைப் பார்க்கப் போனோம். ஊசி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே கறுப்புக் கம்பளி மாதிரி ஒரு படலம். பனிக்கு அடியில், ஈரத்திலும் இருட்டிலும் வளர்கிற பூஞ்சாணம் அது. தொட்டால் இலை கொத்தாகக் கையோடு வந்தது. விதை போட்டதிலிருந்து அவற்றை வளர்த்தவள் கமலா. பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் இந்தியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பனி மூடியிருந்தா குளிர் தாக்காதுன்னு நிம்மதியா இருந்தேனே, மேடம்.”

அப்பாவின் போன்

பள்ளத்தில் பனி நெடுநாள் தங்கும். அதனால் கருகியதை எரித்துவிட்டு, சரிவான மேட்டில் புதுப் பாத்தி கட்டினோம். கமலா மறுபடி விதை போட்டாள். நெருக்கமாக வந்த முளைகளைப் பிடுங்கி இடைவெளி விட்டோம்.

மார்கழியில் திரும்பப் பனி மூடியது. உள்ளே என்ன ஆகிறதோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். இரண்டாம் போகத் தாளடி நெல்லில் இலையெல்லாம் புள்ளியாம். போட்டோ அனுப்பச் சொன்னேன். கண் வடிவத்தில் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம். குலைநோய்தான். “யூரியாவை நிறுத்துங்கப்பா” என்று சொல்லி, மருந்தும் சொன்னேன். மருந்துப் பேரை எழுதிக்கொண்டு அப்பா கேட்டார்: “இங்க இருந்தா வயல்ல இறங்கியே பாத்திருப்ப. அங்க என்னத்தம்மா பாக்குற, ஒரே வெள்ளையால்ல இருக்கு?”

மேட்டுப் பாத்தி

அடுத்த சித்திரையில் பனி கரைகிற வரைக்கும் கமலாவுக்குப் பொறுக்கவில்லை. மிச்சப் பனியைக் கையாலேயே விலக்கினாள். ஓரத்தில் சிலது கருத்திருந்தன. மற்றதெல்லாம் பச்சை. ஒரு நாற்றைத் தடவினேன், இலை உதிரவில்லை. கமலா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “போன வருஷம் நீங்க மரத்துக்குப் பின்னாடி நின்னு அழுததைப் பாத்தேன், மேடம். அதனாலதான் நான் வேலைய விட்டுப் போகல.”

இப்போது மாற்றலாகி வந்து தஞ்சாவூர்ப் பக்கம் வெயிலில் நின்று நெல் இலையைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நோய் சீக்கிரம் பிடிபடுகிறது, பிறந்த மண்ணின் வேர்வைதான் இன்னும் பழகமாட்டேன் என்கிறது.