ஐஸும் வறுத்த உப்பும்

எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் பள்ளிவாசலின் கடைசி வரிசையில், தள்ளாத பெரியவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து தொழும்படி ஆகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். சேலைப் பொதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது இடுப்பில் சுளீர் என்றது. அன்றிலிருந்து குனிய முடியவில்லை. நிற்பேன், நடப்பேன், துணியை விரித்துக் காட்டுவேன். நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்ய மட்டும் முடியாது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை. "சின்ன வயசுலயே இப்படி ஆயிட்டீங்களே" என்று யாராவது அன்பாகக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைக்கு வரும் ஒரு வாடிக்கைக்காரர் சொல்லி, ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு கைரோபிராக்டரிடம் போனேன். முதுகெலும்பைக் கையாலேயே அழுத்திச் சரிசெய்கிற வைத்தியர். வெளிநாட்டில் படித்த சீனர். என்னைக் குப்புறப் படுக்கவைத்து அங்கே இங்கே அழுத்தினார், ஒருக்களிக்கவைத்துத் திருப்பினார், உள்ளே என்னவோ மளுக்கென்றது. பிறகு நீலநிற ஐஸ் பை ஒன்றைக் கையில் கொடுத்தார். அதை ஃப்ரீசரில் வைத்து, மெல்லிய துண்டில் சுற்றி, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் முதுகில் வைக்க வேண்டும். பிறகு எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்குச் சில தடவை. தசையில் வீக்கம் இருப்பதால் இப்போதைக்குச் சூடு எதுவும் கூடாது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரிய வேண்டிய ஆள் பிடோக்கில் எங்கள் வீட்டில் இருந்தாள்.

"முதுகுக்கு ஐஸா?" என்றாள் என் மனைவி. "வலியே குளிர்ச்சியாலதாங்க வருது. அதுமேல ஐஸையும் வைக்கச் சொன்னாரா? அவரு என்ன டாக்டரு?"

பக்கத்து வீட்டு மலாய் அம்மாளும் வந்து எட்டிப் பார்த்தார். ஐஸ் வைத்தால் உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிடும் என்று அவர் மலாயில் சொல்ல, இவள் தமிழில் ஆமாம் போட்டாள். மற்ற நாளில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்காக முகத்தைத் தூக்கிக்கொள்கிற இரண்டு பேரும் என் முதுகு விஷயத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

இருந்தாலும் பையை ஃப்ரீசரில் வைக்க விட்டாள். மீனுக்கும் கோழிக்கும் நடுவில் வைத்தாள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் என் பக்கத்து நாற்காலிப் பெரியவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, தன் அத்தர் புட்டியை எடுத்து என் கையில் தடவிவிட்டார். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

அதைக்கூட விடுங்கள். நான் கால் மணி நேரம் ஐஸ் வைத்து எடுத்ததும், அவள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு தயாராக நிற்பாள். "குளிர்ச்சி உள்ள இறங்கிடும், இப்படித் திரும்புங்க" என்று சுடச்சுட ஒத்தடம். அதற்கு மேல் தைலம். வேண்டாம் என்று கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். "நான் உங்களுக்குக் கெடுதலா செய்வேன்?" என்பாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அடுத்த முறை போனபோது வைத்தியர் என் முதுகைப் பார்த்து அதிர்ந்துபோனார். தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஐஸும் வைத்துக்கொண்டு அடுப்பும் வைத்துக்கொண்டால் முதுகு யார் பேச்சைக் கேட்கும் என்று கேட்டார். எனக்கு அவர் மேலும் கோபம், அவள் மேலும் கோபம், உப்பு விற்கிறவன் மேல்கூடக் கோபம்.

அன்று வீட்டில் சொல்லிவிட்டேன்: "ஐஸை விட்டுட்டேன். ஒத்தடமும் வேணாம். தோலு ஆறட்டும்." அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

ஐஸை நான் விடவில்லை. கடைக்குக் கீழே தேத்தண்ணிக் கடையில் ஐஸ் வாங்குவேன். பிளாஸ்டிக் பையில் போட்டு, சிவப்புக் கயிற்றால் கட்டித் தருவார்கள். கடையின் பின்பக்கம் துணிக்கட்டுகளின் மேல் குப்புறப் படுத்து, துண்டில் சுற்றி வைத்துக்கொள்வேன். வைத்தியரிடமும் தவறாமல் போய்வந்தேன். வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு நாள் மாலை அஸர் தொழுகை நேரத்தில் பின்பக்கம் முசல்லாப் பாயை விரித்தேன். முட்டியை ஊன்றி, கையை ஊன்றி, மெதுவாக நெற்றியைக் கொண்டுபோனேன். தரை பட்டது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம்தான் முதலில் சொன்னேன். உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தரையில் தலைவைக்க வேண்டும் என்று அவள் நோன்பு நேர்ந்துகொண்டு, பல வாரமாக எனக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான் சொன்னேன்ல. அந்த ஐஸை விட்டதும் சரியாயிடுச்சு பாருங்க."

தேத்தண்ணிக் கடை, சிவப்புக் கயிறு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அவள் பட்டினி கிடந்து வற்றிய முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

அது போகட்டும் என்றால் விட்டாளா? பெருநாளுக்கு அவள் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கைரோபிராக்டர் விலாசத்தை எடுக்க நான் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். அதற்குள் அடுப்படியில் உப்பு வறுபடும் சத்தம் கேட்டது.

"இவங்களைக் கேளுங்கண்ணே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இவங்களுக்கு இதுதான் கேட்டுச்சு."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.