455 என்று பொறித்திருந்த ரிவால்வர்

1. ஆடிய தோட்டா

அந்த ரிவால்வருக்கு ஒருவழியாகத் தோட்டா வந்து சேர்ந்த அன்று, ஷூட்டிங் கிளப்பில் துப்பாக்கி வைக்கும் ஆர்மரி அறையின் மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். துப்பாக்கியில் 455 என்று பொறித்திருந்தது. பெட்டியிலும் 455 என்றுதான் இருந்தது. ஆறு தோட்டாவையும் சிலிண்டரில் போட்டேன். நடுவில் மடங்கித் திறக்கும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கி அது. குழலை நிமிர்த்தி மூடினேன். தோட்டாக்கள் உள்ளே லொடலொடவென்று ஆடின.

“ஆட்டாதே பாய், அது கிலுகிலுப்பை இல்ல” என்றார் கான் சாப். பாகிஸ்தான் ராணுவத்தில் துப்பாக்கி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் எல்லாத் துப்பாக்கிக்கும் அவர்தான் வைத்தியர்.

“நம்பர் சரியாத்தானே இருக்கு? பொறவு என்ன?” என்றார் ஹமீது காக்கா. காயல்பட்டினத்துக்காரர், எங்கள் ஸ்டோர் கீப்பர்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறந்தாங்கிப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று விட்டவன். வளைகுடா வந்து, சோஹாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன். கம்பெனி படுத்ததும் பார்டர் தாண்டி ஷார்ஜா வந்து, ரோலாவில் ஒரு செண்ட் கடையில் நின்றேன். ஓரிடத்தில் கால் நிற்காது எனக்கு. ஷூட்டிங் கிளப்பில் தோட்டாப் பெட்டி தூக்க ஆள் கேட்டார்கள் என்று இங்கே வந்தேன். அதற்கு முன் துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளில்தான் பார்த்திருக்கிறேன்.

ரிவால்வர் ஒரு வயதான அரபியுடையது. நாங்கள் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்று கூப்பிடுவோம். அவருடைய அப்பா, எண்ணெய் தேடி வந்த வெள்ளைக்காரர்களின் கேம்ப்பில் காவலுக்கு இருந்தவர். அப்போது கிடைத்த துப்பாக்கி. பிள்ளைகள் யாரும் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பதென்று முடிவாகிவிட்டது. அதற்கு முன் பேரப்பிள்ளைகள் பார்க்க, தன் கையால் ஆறு தோட்டா சுட வேண்டும். அர்பாபின் ஆசை அவ்வளவுதான்.

2. சீவப்பட்ட இரும்பு

கான் சாப் சிலிண்டரின் பின்பக்கத்தை அளந்து பார்த்தார். திரும்ப அளந்தார். பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“இத யாரோ சீவியிருக்காங்க.”

455 தோட்டாவின் அடியில் ஆணித் தலை மாதிரி அகலமான விளிம்பு இருக்கும். அது சிலிண்டரில் மாட்டி நிற்கும். அந்தத் தோட்டா கிடைக்காத காலத்தில், பல துப்பாக்கிகளில் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் சீவி, சாதாரணமாகக் கிடைக்கும் 45 தோட்டா போடுகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். ஆனால் 45க்கு விளிம்பு கிடையாது, அடியில் ஒரு பள்ளம் மட்டும்தான். தனியாகப் போட்டால் உள்ளே இறங்கிவிடும். துப்பாக்கியின் சுத்தியல் அடித்தாலும் எட்டாது. ஆறு தோட்டாவையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்த வட்டமான மெல்லிய இரும்புத் தகடு வேண்டும். அதற்குப் பெயர் மூன் கிளிப். சீவியது அதற்கு இடம் விடத்தான்; அந்த இடைவெளியில்தான் 455 ஆடியது.

அதாவது, துப்பாக்கியில் பொறித்திருந்த நம்பருக்கும் துப்பாக்கிக்கும் இப்போது சம்பந்தம் இல்லை. எனக்கு அதை ஏற்றுக்கொள்ளவே பல நாள் பிடித்தது. ஸ்டோரில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் நம்பரைப் பார்த்து எடு என்பதுதான்.

அர்பாபிடம் சொன்னபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என் அப்பா சீவவில்லை” என்றார், நாங்கள் திருட்டுப் பட்டம் கட்டியது போல. சித்தப்பா காலத்தில் கராச்சியில் ரிப்பேருக்குக் கிடந்தது என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அங்கே நடந்ததா, வேறெங்காவதா, யாருக்கும் தெரியாது.

3. கிளிப் தேடியது

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறை இருந்தது. தகட்டை அங்கேயே வெட்டி வாங்கி வருகிறேன் என்றேன்.

காக்கா கையெடுத்துக் கும்பிட்டார். “துப்பாக்கிச் சாமான் பட்டறையில செஞ்சான்னு போலீஸ்ல புடிச்சா, ஒன்னய நேரா திருச்சி ஃபிளைட்ல ஏத்திருவான். பேசாம கெட.”

“அப்ப பர் துபாய்ல தேடிப் பார்க்கவா காக்கா?”

“போ, போய் மீனா பஜார்ல கேளு. பொம்பளப் புள்ளைக்கி தலையில மாட்டுற கிளிப்பு குடுப்பான். எனக்கும் ரெண்டு வாங்கியா.”

கடைசியில் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக, போலீஸ் அனுமதி வாங்கித்தான் வரவழைத்தோம். தகட்டின் ஓரம் கத்தி போல இருந்தது. அதில் தோட்டாவை அழுத்தி ஏற்றுவதற்குள் கட்டை விரல் தோல் கிழிந்தது. முதலில் ஏற்றியதை வளைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத வளைவு. அதற்கே சிலிண்டர் உரசிக்கொண்டு சுழல மறுத்தது. தகட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்க்கக் கான் சாப் சொல்லிக்கொடுத்தார். ஆடாத ஒன்றில் மருந்தில்லாத டம்மி தோட்டா ஏற்றிப் போட்டேன். டக் என்று மூடியது, தோட்டா எதுவும் ஆடவில்லை. சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறையும் சுழன்று வந்து நின்றது. காக்கா டீ வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

4. ரேஞ்சில்

அர்பாப் குடும்பத்தோடு வந்துவிட்டார். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா போட்ட பிள்ளைகள், காதுக்கவசம் மாட்டிய பேரக் குழந்தைகள். நான் தட்டில் துப்பாக்கியும் கிளிப்பில் ஏற்றிய ஆறு 45 தோட்டாவும் வைத்து நின்றேன்.

அப்போது கான் சாப் கிளப் மேனேஜரைத் தனியே இழுத்தார். “ராத்திரி பூரா பழைய ஆட்களுக்குப் போன் போட்டேன். இந்தத் துப்பாக்கி கம்மி பிரஷருக்குச் செஞ்சது. 45 அதைவிடக் காரம். சிலிண்டர் கிழிஞ்சவங்களும் இருக்காங்க, வருஷக்கணக்காச் சுட்டு ஒண்ணும் ஆகாதவங்களும் இருக்காங்க. மருந்து கம்மியான தோட்டா இங்க கிடைக்காது. வேண்டாம்.”

மேனேஜர் சிரிப்பு மாறாமலே பல்லைக் கடித்தார். “குடும்பத்தையே கூட்டிட்டு வந்துட்டார். இப்ப வேண்டாம்னா? ஆறே ஆறுதானே கான்?”

“ஆறாவதா, முதலாவதா, எது கிழிக்கும்னு அதுக்குத்தான் தெரியும்.”

அர்பாபுக்கு இந்தி புரியும். இருவரையும் பார்த்தார். பிறகு தட்டு ஏந்தி நின்ற என்னைப் பார்த்தார். “நீதானே இதை ஏற்றினாய்? நீ சொல். சுடலாமா?”

இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அர்பாப் எதைக் கேட்டாலும், மூளை யோசிப்பதற்கு முன் வாய் ‘மாஃபி முஷ்கில்’ என்று சொல்லிவிடும். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். சோஹாரில் கழன்றிருந்த சாரத்தைக் காட்டி ஏறலாமா என்று கேட்டபோதுகூட எங்களில் ஒருவன் அப்படித்தான் சொன்னான். அன்றைக்கும் அந்தச் சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்து, சரி என்று சொல் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார். அர்பாபின் முழங்கைக்குப் பக்கத்தில், பெரிய காதுக்கவசத்தோடு ஒரு சின்னப் பெண் அண்ணாந்து நின்றாள்.

“மா அரிஃப், அர்பாப்” என்றேன். தெரியாது என்று அர்த்தம். “உள்ளே சரியாக உட்காருகிறது. தாங்குமா என்று எனக்குத் தெரியாது.”

காக்கா பின்னாலிருந்து தமிழில், “போச்சு, நம்ம விசா போச்சு” என்றார்.

அர்பாப் துப்பாக்கியை எடுத்துக் குழலோடு தடவினார். பிறகு, “கலாஸ், போதும். தோட்டாவை எடு. சுட்டுப்போன காலி கேஸ் ஏற்றிக் கொடு” என்றார்.

கொடுத்தேன். அவர் குறிபார்த்து ஆறு முறை விசையை இழுத்தார். க்ளிக், க்ளிக் என்றது. பிறகு துப்பாக்கியை மடக்கினார். கிளிப் ஆறு காலி கேஸோடும் சக்கரம் போலத் தாவி வெளியே விழுந்து உருண்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு துரத்தினார்கள். மறுபடி, மறுபடி என்றார்கள். எத்தனை முறை ஏற்றிக் கொடுத்தேன் என்று கணக்கில்லை.

போகும்போது அர்பாப் என்னிடம் நின்றார். “நீ சுடலாம் என்று சொல்லியிருந்தால் நான் சுட்டிருப்பேன்” என்றார். அது கோபமா நன்றியா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒரு பொருள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது அதற்கானது என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் யாராக இருந்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆறு தோட்டாவையும் அந்த ரிவால்வர் தாங்கியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.