பொன்னாடைக்குள் ரப்பர் மார்பு

கோயில் மண்டபத்தில் அன்று நடந்த பேச்சு சுபாஷினிக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அறவாரியத்தில் அவள் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த புதிது.

கட்டி எப்படி இருக்கும் என்று பெண்கள் தொட்டுப் பழகுவதற்கான ரப்பர் மார்பை அவள் மேசைமேல் வைத்தாள். முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக இருந்த ஆலயத் தலைவர் குணாளன் கனைத்தார். பதறிப்போன அறவாரியத் தலைவி, அவருக்குப் போட்ட பொன்னாடையையே கேட்டு வாங்கி அதன்மேல் போர்த்தினாள்.

"ஆம்பளைங்க இருக்காங்க லா," என்றாள்.

"அவங்கள யாரு கூப்பிட்டது?" என்று பெண்கள் வரிசையிலிருந்து கேட்டாள் குமுதா.

"பெரிய மனுசங்க இல்லாம நிகழ்ச்சியா?"

"அப்ப பெரிய மனுசரையே தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. துண்டு அவரோடதுதானே."

தலைவி பொன்னாடையின் ஓரத்தை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

குமுதா பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் கணினிச் சிப்பு சோதிக்கிறவள். இடது மார்பை எடுத்தபின் அறவாரியம் அவளுக்கு ரோஸ் சட்டை மாட்டி, 'வெற்றிப் பெண்' என்று மேடை மேடையாக ஏற்றியது. வலியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. நம்பிக்கையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். ரோஸ் பலூனையும் ரோஸ் கேக்கையும் பார்த்து, "இந்த நோய்க்கு என்ன பிறந்தநாளா?" என்பாள்.

அன்று அவள் வந்தது லோகேஸ்வரிக்காக. கூட வேலை செய்கிறவள். மார்பில் கட்டி இருப்பதைக் குமுதாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மருத்துவமனை என்றாலே அழுவாள். அறுத்துவிட்டால் அப்புறம் தான் என்ன பெண் என்ற பயம். நாலு பேரோடு சேர்ந்து ரப்பர் மார்பைத் தொட்டால் துணிச்சல் வரும், அந்தச் சூட்டோடு, அங்கே வந்திருந்த மருத்துவமனைத் தாதியிடம் பேச வைத்துவிடலாம் என்று குமுதா கணக்குப் போட்டிருந்தாள்.

பொன்னாடை அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டது. புற்றுநோய் விழிப்புணர்வு என்று மைக்கைப் பிடித்த குணாளன், தமிழ்ப் பெண்ணின் நாணத்தைப் பற்றி முழங்கித் தீர்த்தார். அதற்கும் கை தட்டினார்கள். தட்டிய கையோடு பெண்கள் மீ கோரேங் நூடுல்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். லோகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குமுதா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு இழுத்துப் போனாள். போகிற போக்கில் சுபாஷினியையும் கூப்பிட்டாள்.

"அறுத்தா எப்படி இருக்கும்னுதானே இவ பயப்படறா? என்னோடத காட்டப் போறேன். நீ கதவுகிட்ட நில்லு, சுபா. இவ நல்லா பாத்து முடிக்கற வரைக்கும் யாரையும் உள்ள விடாத."