தம்பி கால் கழுவிய தொட்டி

என் தம்பி ஒரு தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டிக்குள் நின்று கால் கழுவியவன். இதை அவனே விருந்துகளில் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பான். அந்தக் கதையில் என் பங்கு ஒன்று உண்டு. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவுக்கு வந்து மூன்று வருடம். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஒரு அங்கிலிக்கன் தேவாலயம். அதன் நிலக்கீழ் அறையில் கிழமைக்கு இரண்டு காலை அம்மா ஆங்கிலம் படிக்கப் போனார். அந்த நாட்களில் அம்மாவின் முகமே வேறு. தேங்காய் துருவிக்கொண்டே ஆங்கில வசனங்களைச் சொல்லிப் பார்ப்பார். எனக்குப் பதினொரு வயது. ஆங்கிலத்தை நானே கண்டுபிடித்த மாதிரி, அவருடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு வரும்படி ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் தன் மாணவர்களை அழைத்திருந்தார். அம்மா விடிய எழும்பி ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்தார். அப்பாவுக்கு வேலை. அம்மாவும் நானும் மூன்று வயதுத் தம்பியும் போனோம். பனி உருகி எங்கும் சேறு. வழியில் தம்பி ஒரு சப்பாத்தைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு, அந்தக் காலில் வெறும் மேஸ் உறையோடு நடந்து வந்தான்.

வாசலைத் தாண்டினால் உடனே அந்தத் தொட்டி. எட்டுப் பக்கம் கொண்ட பழைய கல். அம்மாவின் இடுப்பளவு உயரம். உள்ளே தண்ணீர், அதுவும் இளஞ்சூட்டில்.

“பாத்தியே, கால் கழுவ இவையும் வச்சிருக்கினம்,” என்றார் அம்மா. “எந்தச் சாமியெண்டாலும் கால் கழுவிப்போட்டுத்தான் உள்ள போகவேணும்.”

நான் வாயைத் திறக்குமுன் தம்பியின் மற்றச் சப்பாத்தையும் மேஸையும் கழற்றி, அவனைத் தூக்கித் தொட்டிக்குள் நிறுத்திவிட்டார். ஊர்க் கோயில் வாசலில் கழுவுவது போலவே குதிக்காலைத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் பழுப்பாகியது. தம்பிக்கு ஒரே கொண்டாட்டம். அப்போதுதான் பார்த்தேன், என் வகுப்புப் பெண் ஒருத்தி புதுச் சட்டையோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய குட்டித் தங்கைக்கு அன்று ஞானஸ்நானம். தண்ணீர் அதற்காக ஊற்றியது.

ரீச்சர் ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் சால்வையை எடுத்துத் தம்பியின் காலைத் துடைத்தார். பிறகு வகுப்பில் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்தத் தொட்டி இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பல நூறு வருடம் இருந்ததாம். நடுவில் யாரோ அதை வயலில் கொண்டுபோய்ப் போட, மாடுகள் தண்ணீர் குடித்தனவாம். மாட்டையே பொறுத்துக்கொண்ட தொட்டி ஒரு பிள்ளையின் காலைப் பொறுக்காதா என்று சிரித்தார்.

“என்னவாம், பிள்ளை?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

அந்தப் பெண் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டுத் தொட்டியெண்டு நினைச்சீங்களோ எண்டு கேக்கிறா,” என்றேன். “இனி வகுப்புக்கு வரவேண்டாமாம்.”

அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு ரீச்சரிடம் இரண்டு தரம் ஆங்கிலத்தில் “சொறி” சொன்னார். ரோல்ஸ் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

ரீச்சர் எங்கள் வீட்டுக்கு மூன்று தரம் போன் எடுத்தார். மூன்று தரமும் நான்தான் எடுத்து, அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றேன். கொஞ்ச நாளில் அது உண்மையாகவும் போனது. பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை, அங்கே பேச்சுக்கு அவசியமில்லை. அதன் பிறகு வங்கி, டொக்டர், தம்பியின் பள்ளிக்கூடம் என்று எங்கும் நான்தான் கூடப் போனேன். இத்தனை வருடமாகியும் நாலு வார்த்தை ஆங்கிலம் வரவில்லையே என்று வழி நெடுகச் சலித்துக்கொள்வேன். வாய் கூசவில்லை.

போன வருடம் விட்பியில் என் வீட்டில் தம்பி அந்தக் கதையை மறுபடி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும். பிறகு குசினியில் கோப்பைகளைத் துடைத்தபடி சொன்னார்:

“அந்த ரீச்சர் நல்ல மனுசி. தன்ர சால்வையாலயெல்லோ பிள்ளையின்ர காலைத் துடைச்சவ. மாடு குடிச்ச தொட்டிதானே, பரவாயில்லை எண்டவ.”

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன். “அது உங்களுக்கு விளங்கினதோ?”

“கௌ, பேபி, ஓகே. உதுகூட விளங்காதோ? மூண்டு மாசம் படிச்சனான்.”

“பிறகேன் வகுப்புக்குப் போகாமல் விட்டனீங்கள்?”

“உன்ர பள்ளிக்கூடப் பிள்ளையள் அங்க வாறவை. உனக்கு என்னோட நிக்க வெக்கமா இருந்தது. அதுதான்,” என்றார், கோப்பைகளை அடுக்கியபடி.

அன்று அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தபோது, நான் சொன்னதை நம்பிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.