ஏழில் நின்ற பல்லவி

என் அண்ணனுக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், வாய் பிறகுதான். நசுங்கிய கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். முதலாளியையே ஒரு முறை அடித்திருக்கிறார். வேலை போகவில்லை. அவர் தட்டிய கதவைத் தடவிப் பார்த்தால் நசுங்கிய இடம் தெரியாது. போன மாதம் இறந்துபோனார்.

வேலை முடிந்ததும் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பார். பாடிக்கொண்டே கிடார் வாசித்தவர் என் கணவர். பேஸ் கிடார்க்காரரை ‘தூண்’ என்போம். இருவருக்கும் நடுவில் நின்று அடி வாங்கியவர். கணவர் போடும் பல்லவிகள் ஒரு முறை கேட்டாலே பல் தேய்க்கும்போதும் வாயில் வரும். அண்ணன் அவற்றுக்கு அடியில், வழக்கமான எட்டை விட்டுவிட்டு, ஏழு எண்ணிக்கையில் வாசிப்பார். கைதட்டத் தொடங்கும் கூட்டம் இரண்டாம் சுற்றிலேயே தடுமாறும்.

முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் சண்டை வெடித்தது.

“மச்சான், இதை எட்டா மாத்திடலாம். ஜனங்க கைதட்டணும்ல?” என்றார் கணவர்.

“தட்டத் தெரியாதவன் சும்மா இருக்கட்டும்.”

“என் பாட்டை நாலு பேரு பாடினா உங்களுக்கு வயிறு எரியுது.”

“மாப்ள, என் தங்கச்சிக்காகத்தான் உன் பல்லு இன்னும் வாய்க்குள்ள இருக்கு.”

அண்ணன் பட்டறையில் இருந்த ஒரு நாள், கணவர் அவர் வாசித்ததை அழிக்கச் சொல்லி, டிரம்ஸ் சத்தம் போடும் மெஷினில் எட்டு எண்ணிக்கை போடவைத்தார். தூண் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டார். அண்ணன் கிரீஸ் படிந்த சட்டையோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணன் கணவரின் முடியைப் பிடித்து முகத்தை ஒலிப்பதிவு மேசையில் இரண்டு முறை மோதினார். முன்பல் ஒன்று பொத்தான்களுக்கு நடுவே விழுந்தது. கணவர் தரையில் கிடந்தபடியே மைக் ஸ்டாண்டைச் சுழற்றினார். அதன் இரும்புப் பாதம் அண்ணனின் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. தூணின் உதடு கிழிந்திருந்தது. யார் அடித்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அண்ணனின் வலது கை விரல்கள் இனி பழையபடி மடங்காது என்றார் மருத்துவர்.

கணவர் பல் கட்டிக்கொண்டு மெஷினோடு பாடப் போனார். பல்லவிக்கு முன்னால் கிடாரும் பேஸும் பின்னிக்கொண்டு ஓடும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. அதிலிருந்து அவரால் பல்லவிக்குள் நுழைய முடியவில்லை. இருபது முறை முயன்றார். அவர் ஒருநாளும் எண்ணிப் பாடியதே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அண்ணனின் இடது தோள் இறங்கும் நொடியில் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். மெஷினுக்குத் தோள் ஏது?

நான் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, அவரால பாட முடியல.”

“பாவம். பல்லு வலிக்குதா?”

“உங்க தோளு வேணுமாம்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “ஏழு வைக்கச் சொல்லு. வரேன்” என்றார்.

வந்து, மெஷினில் ஒவ்வொரு அடியையும் தானே சொல்லிப் போடவைத்தார். மாவுக்கட்டோடு வெறும் ஸ்டூலில் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். தோள் இறங்கியது, கணவர் பாடினார். மூன்றாம் முறை பாடியதுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

கணவர் கண்ணீரோடு கையை நீட்டினார். “மச்சான், மன்னிச்சிடுங்க.”

அண்ணன் இடது கையை மடக்கி அவர் வாயிலேயே ஒன்று விட்டார். கட்டிய பல் தெறித்தது.

“பாட்டுக்காக வந்தேன். நீ எனக்கு வேணாம்.”

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.