ஐந்தாவது ஏன்

எங்கள் ஆபீசில் ஸ்டேப்ளருக்கு ஒரு இடம் உண்டு. மேசை மேல் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் கட்டியிருப்பார்கள். பேனாவுக்கு ஒரு கட்டம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வட்டம். சேர்ந்த முதல் வாரம் பாட்டிலை வட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எங்கள் பிரிவின் தலைவர், ஜப்பான்காரர், என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். பாட்டிலைக் காட்டி "ஏன்?" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகள் மொத்தம் நாலு: மெதுவா, நன்றி, போதும், அப்புறம் இந்த ஏன். மற்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"வெச்சேன் சார், அவ்வளவுதான்" என்றேன். அவ்வளவுதான் என்பது அந்த ஆபீசில் ஒரு பதிலே இல்லை.

நான் ஏன் என்று யாரும் கேட்காத இடத்திலிருந்து வந்தவன். சேலத்தில் ஒன்பது வருடம் ஒருவருக்குப் பின்னால் நின்றேன்; அவரையும் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். நிலத் தகராறு, கடையைக் காலி பண்ண வைப்பது என்று அவர் பஞ்சாயத்துக்குப் போவார். நாங்கள் ஆறு பேர் பின்னால் நிற்போம். சில நாள் நிற்பதோடு முடியாது. ஏதாவது ஆகிப் போலீஸ் தேடினால், செய்தவன் போக மாட்டான். தலைவர் எங்களில் யாரையாவது ஒருமுறை பார்ப்பார். அவன் போய் "நான்தான் செஞ்சேன்" என்று நிற்க வேண்டும். ஒருமுறை என்னைப் பார்த்தார். மரக்கடை ஒன்றில் ஒருவருடைய கையை உடைத்த கேஸ் அது. அது நடந்த அன்று நான் மாமனார் ஊரான குமாரபாளையத்தில் இருந்தேன். இருந்தும் போய் நின்றேன், பதினொரு மாதம் உள்ளே இருந்தேன். என் மகள் பிறந்தது அப்போதுதான். வெளியே வந்ததும் தலைவர் தன் கையாலேயே எனக்கு ஒரு வாட்ச் கட்டிவிட்டார். அன்று அது எனக்குப் பெரிய கௌரவமாகத் தெரிந்தது. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வாட்ச்சோடு வீட்டுக்குப் போனேன். மனைவி அதைப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குமாரபாளையத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வர சில வருடங்கள் ஆயிற்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர்கள் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அதனால்தான் நெசவு மிஷினுக்குப் பாகங்கள் செய்கிற இந்த ஜப்பான் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பயிற்சி, பிறகு நிரந்தரக் கடிதம். என் பழைய கதை தெரிந்தேதான் எடுத்தார்கள். ஆள் எடுக்கும் அதிகாரி ஒன்றே ஒன்று சொன்னார்: "தப்புப் பண்ணலாம். பொய் சொன்னா வேலை போயிரும்." மனைவியும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்தக் கடுதாசி கைக்கு வரட்டும். புள்ளையக் கூட்டிக்கிட்டு வாரேன்."

அதற்காகவே எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் பியானோ ஒலிக்கும், அதற்கு எல்லோரும் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்க வேண்டும். லாரிகள் நிற்கும் யார்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டும்போது நின்று, வலப்பக்கம் விரல் நீட்டி, இடப்பக்கம் விரல் நீட்டி, வாய்விட்டு "சரி" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். நான் அப்படி வெறும் காற்றைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டிருந்ததை என்னைப் பழைய நாளில் அறிந்த டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டார். லாரியை விட்டு இறங்கி வந்து, "ஏனுங்க, உடம்புக்கு ஏதும் சரியில்லீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவரை அடிக்காமல் விட்டதை நான் திருந்தியதற்குச் சாட்சியாகச் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விட என் உயிரை எடுத்தது ஒரு தாள். எந்தத் தப்பு நடந்தாலும் அந்தத் தாளை நீட்டுவார்கள். அதில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஏன் என்று இருக்கும். ஏன் நடந்தது என்று எழுதினால், அது ஏன் என்று அடுத்த கட்டம் கேட்கும். போலீஸ் ஸ்டேஷனில்கூட யார் என்றுதான் கேட்பார்கள். யார் என்று தெரிந்தால் போதும், டீ குடிக்கப் போய்விடுவார்கள். இங்கே யார் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாலாவது மாதம் சென்னைக்குப் போக வேண்டிய எட்டுப் பெட்டிகள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டன. லேபிள் மாறியிருந்தது. லேபிள் ஒட்டுவது பக்கத்து மேசைப் பெண். எனக்குக் கம்ப்யூட்டரில் எழுத்தடிக்கக் கற்றுக்கொடுத்தவள், என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். தப்பு தெரியவந்த அன்று, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு. தலைவர் தாளோடு வந்து எங்கள் மேசைகளைப் பார்த்தார். அவர் லேபிள் இருக்கும் இடத்தைத்தான் பார்த்திருப்பார். எனக்கு அவர் என்னைப் பார்த்ததுபோல இருந்தது. எழுந்து நின்று, "நான்தான் சார் ஒட்டினேன்" என்றேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மனிதர் என்னைப் பெட்டி அடுக்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே நின்றாய், எந்தக் கையால் ஒட்டினாய், ஏன் பார்க்கவில்லை? எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "இருட்டா இருந்துச்சு சார்." அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் நன்றாகவே புரிந்தது. மதியம் வரை அங்கேயே நின்று வெளிச்சத்தை அளந்தார். ஒரு வாரத்தில் அந்த இடத்துக்கு மேலே புதிதாக இரண்டு விளக்குகள் வந்துவிட்டன.

அந்தப் பெண் திரும்பி வந்ததும், "எல்லாம் முடிஞ்சிருச்சு அம்மணி. நீ வாயத் தொறக்காத" என்றேன். அவள் மூஞ்சியில் நன்றியைத் தேடினேன். பயம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம் போனபோது இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் கேட்டாள்: "இன்னும் எத்தன பேரு கேச நீங்க சொமக்கப் போறீங்க? ஏனுங்க இப்படி? ஏன்னு ஒருக்காவாச்சும் சொல்லுங்க."

"உனக்கு அதெல்லாம் புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஆறாவது மாதக் கடைசியில், கடிதம் வர ஒரு வாரம் இருக்கும்போது, அதே லேபிள் மறுபடியும் மாறியது. புது விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. தலைவர் அவற்றுக்குக் கீழே வந்து நின்றார், அண்ணாந்து பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி இடுப்பு வளைய, தலையைத் தாழ்த்தினார். காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காதது தன் தப்பு என்றார். ஜப்பானுக்கு அப்படித்தான் எழுதப் போகிறாராம். எனக்கு வரவேண்டிய கடிதத்துக்கு இதனால் பாதகம் இல்லை என்றும் சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கடிதம் என் கையில். ஆனால் எனக்கு அப்படியொரு எரிச்சல் வந்தது. செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நிற்கிற ஒரு ஆளை அன்றுதான் எதிரே நின்று பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த விளக்குகள் மேல்கூடக் கோபம். இத்தனை வருடம் நானும் இப்படித்தான் நின்றிருந்தேனா?

"நான் பண்ணலீங்க சார்" என்றேன். ஸ்டேஷனில் எத்தனையோ முறை பொய்யாகச் சொன்ன வாக்கியம் அது. உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் முறை. அன்று லேபிள் ஒட்டியது நான் இல்லை, இருட்டு என்றதும் பொய் என்று சேர்த்துச் சொன்னேன்.

பக்கத்து மேசைப் பெண் எழுந்து வந்தாள். கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் கடைசியாக அடித்த லேபிளை இன்னொருமுறை அடித்துத் தள்ளுகிறது, அது அடுத்த சரக்கில் ஏறிவிடுகிறது, இரண்டு தடவையும் அதுதான் நடந்தது என்றாள். "அன்னைக்கே சொல்லியிருப்பனுங்ண்ணா. நீங்கதான் சொல்ல உடல" என்று என்னிடம் கோபப்பட்டாள். தலைவர் பிரிண்டரைப் போய்ப் பார்த்தார், தலையாட்டினார். அவளுக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. எனக்கு ஒரு தாளை நீட்டினார். நான் ஏன் பொய் சொன்னேன் என்று ஐந்து கட்டங்களையும் நிரப்ப வேண்டும், தமிழில் எழுதினால் போதும்.

அந்தத் தாளோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவளைத் திட்டிவிடக்கூடாதே என்று பொய் சொன்னேன். திட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். முன்பு இருந்த இடத்தில் அப்படித்தான். அங்கே தலைவர் பார்த்தால் போய்விட வேண்டும். நாலு கட்டம் சுலபமாக நிரம்பிவிட்டது. பார்த்தால் ஏன் போக வேண்டும் என்ற ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. சாயந்திரம் பஸ்ஸுக்கு மணியடிக்கும் நேரத்தில் எழுதினேன்: அவர் என்னை ஒரு ஆளாக மதிக்க வேண்டும் என்று போனேன். வீட்டில் என் மனைவி மதித்தது எனக்குப் போதவில்லை.

பக்கத்து மேசைப் பெண்தான் அதைத் தலைவருக்கு ஆங்கிலத்தில் படித்துச் சொன்னாள். கேட்டுவிட்டு "நன்றி" என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை. பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள், கடிதம் தள்ளிப்போனது. தாளின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம் போனேன்.

கடிதமா என்று கேட்டுக்கொண்டே மனைவி வாங்கினாள். நின்றபடியே படித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதத்தானுங்க இத்தன வருசமா நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "கட்டம் போட்ட தாளு ஒண்ணு என்கிட்ட இல்லாமப் போச்சு."